தலை மாறிய கரடி

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே இப்போது எனக்கு அந்தக் கரடி ஞாபகம்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. உடம்பு ஒரு துணி, தலை வேறொரு துணி.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து யூதச் சிறுவன் ஃபிரெட் லெஸ்ஸிங்கின் பொம்மை அது. ஒரு நாய் கடித்து அதன் தலையைப் பிய்த்துவிட்டது. 1942 அக்டோபரில், ஆறு வயதில், நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தைப் பிரிந்து அந்நியர் வீடுகளில் ஒளிந்து வாழ வேண்டிய நிலை. இடையில் காய்ச்சலில் படுத்தபோது அம்மா வந்து பார்த்தார். கரடிக்குத் தலை வேண்டும் என்று கேட்டான். மகனுடைய கோட்டின் உள்துணியை வெட்டி, தலை தைத்துக் கொடுத்துவிட்டார்!

உள்துணி வழுக்கும், நுனி பிரியும். சின்னதாக உருட்டித் தைப்பது லேசில்லை. அந்த நேரத்தில் அந்தக் கைகள் நடுங்காமலா இருந்திருக்கும்?

குடும்பம் போரில் பிழைத்தது. ஃபிரெட் அமெரிக்காவில் உளவியலாளரானார். அப்புறம் 1996இல் ஜெருசலேமில், நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான நினைவகமான யாத் வஷேமின் கண்காட்சிக்குக் கரடியைக் கேட்டார்கள். அறுபது வயதிலும் அதைப் பிரிய அவருக்கு மனமில்லை. தயங்கித் தயங்கித்தான் அனுப்பினார்.