அம்பாப் பாட்டுக்கு அரசு நிதி கேட்கும் முன்

கரையில் நின்று கரைவலை இழுப்பவர்கள் இழுவைக்குத் தாளமாகப் பாடும் அம்பாப் பாட்டைத் தொகுத்து மேடையேற்ற வேண்டும், ஏர்வாடிப் பக்கம் பக்கீர்கள் தாயிரா என்ற தோல்கருவி கொட்டிப் பாடுவதைப் பதிவு செய்ய வேண்டும், சாயல்குடி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஒயிலாட்டம் கற்றுத்தர வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குக் கலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த இராமநாதபுரம் கரையிலிருந்து போகிற விண்ணப்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது காலண்டரிலும் ரசீதிலும்தான். அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கே இருக்கிறது? ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தில் ‘கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா’ என்ற குடையின் கீழ் பல திட்டங்கள் இருக்கின்றன. ஊர்க்குழுக்களுக்குப் பொருந்துவது விழா, பயிலரங்கு, புதுத் தயாரிப்பு ஆகியவற்றுக்கான நிதியுதவி. ஒரு திட்டத்துக்குப் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை. விதிவிலக்காக 20 லட்சம் வரை. குருவும் சீடர்களும் ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்யும் குழுக்களுக்குத் தனியாக ரெப்பர்டரி நிதி உண்டு. அது மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று வரும். எழுத்தில் இல்லாத மரபுகளை ஆவணப்படுத்த சங்கீத நாடக அகாதெமியின் வழி ஒரு திட்டம் இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் பெரும்பாலும் தானே நிகழ்ச்சி நடத்திக் கலைஞர்களை அழைக்கும். அங்கே நிதி கேட்பதைவிடக் குழுவின் பெயரைப் பதிந்து வைப்பது பயன்தரும். மாநில அளவில் கலை பண்பாட்டுத் துறையும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும். நாட்டுப்புறக் கலைஞர் இசைக்கருவியும் உடையும் வாங்க வருகிற தொகை சிறியது, தலைக்கு 10,000 ரூபாய் அளவில். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராக இல்லாத கலைஞர்கள் உங்கள் குழுவில் இருந்தால், பெரிய விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அவர்களை அங்கே சேர்த்துவிடுங்கள். உறுப்பினர் அட்டை பின்னால் எல்லா இடத்திலும் உதவும்.

ஒன்றிய அரசுத் திட்டங்களுக்கு அமைப்பு பதிவு பெற்று குறைந்தது மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுக்கும் தணிக்கை செய்த கணக்கு வேண்டும். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, அறக்கட்டளை என்றால் பத்திரப்பதிவு. இன்றைக்குப் பதிந்துவிட்டு நாளைக்கு விண்ணப்பிக்க வழி இல்லை. புதிய குழுக்கள் ஏற்கெனவே பதிவுள்ள மீனவர் சங்கத்தின் வழியாகப் போகலாம் என்று நினைப்பார்கள். அப்படிப் போனால் அந்தச் சங்கத்தின் விதிமுறைகளில் கலை, பண்பாடு என்ற நோக்கம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘மீனவர் நலன்’ என்று மட்டும் இருந்தால் பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் பதிய வேண்டும். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்காமல் விட்ட சங்கங்களும் நம் பக்கம் நிறைய. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிற தலைவர் பதிவேட்டின்படி தலைவரே இல்லை என்றால் அந்த விண்ணப்பம் அங்கேயே முடிந்தது.

பான் அட்டை, வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளப் பதிவு, அரசுப் பணம் வந்துசேர உதவும் பொது நிதி மேலாண்மைத் தளப் (PFMS) பதிவு ஆகிய நான்கிலும் அமைப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி விழும். ‘கலைக்குழு’வின் ஐகாரம் ஓரிடத்தில் இரண்டு எழுத்தாக இருக்கும், இன்னோரிடத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். நிதி ஒப்புதல் ஆன பிறகு வங்கியில் பணம் ஏறாமல் திரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பான் அட்டையில் உள்ளதையே மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்துங்கள்.

இனி காலண்டர். அரசின் ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஒப்புதல் ஆணை தாமதமாகி ஜனவரி கடைசியில் வந்தால், பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்குள் மேடையேற்றம் என்று திட்டமிடத் தோன்றும். பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில் அது தவக்காலம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் 2027-லும் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில்தான் வருகிறது. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு வேறு. ஆட்டம் பாட்டம் என்று ஊரைக் கூட்டுவதற்கு இதைவிட மோசமான இரண்டு மாதம் கிடையாது. அதனால் விண்ணப்பத்திலேயே மேடையேற்றத்தை ஆகஸ்ட், செப்டம்பருக்கோ பொங்கலை ஒட்டியோ வைத்து, ஆணை தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்: பதிவும் பயிற்சியும் முதலில், பொதுநிகழ்ச்சி அடுத்த கட்டத்தில்.

தடைக்காலம் என்றால் எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்று வெளியூர் ஆள்கள் எழுதிக்கொடுக்கும் விண்ணப்பங்களில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார். கரைவலை இழுக்கிற கூட்டமும் அப்படியே. விசைப்படகில் போகிற இளைஞர்களை வைத்துப் பயிற்சி என்றால் தடைக்காலம் நல்ல காலம். மற்ற மாதங்களில் இராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் வழக்கம். அப்படியானால் பயிற்சி செவ்வாயா வெள்ளியா, அன்றைக்கு அவர்கள் தூங்குவார்களா வலை சரிசெய்வார்களா என்று குழுவிடமே கேட்டு நாளைக் குறியுங்கள். பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாடும் குழுவானால், அவர்கள் நாள் நீரின் ஏற்றவற்றத்தோடு ஓடுகிறது. ‘ஒவ்வொரு சனி, ஞாயிறு’ என்று எழுதிய பயிற்சி அட்டவணையில் வருகைப் பதிவேடு பாதிக் காலியாகத்தான் இருக்கும். அந்தப் பதிவேட்டைத்தான் பின்னால் அறிக்கையோடு இணைத்தாக வேண்டும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் பந்தல் நிற்காது. மைக்கில் காற்றுதான் பாடும். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அப்போது அமைதி. வாடையில் இது தலைகீழ், மழையும் சேர்ந்துகொள்ளும். தோல் கருவிகள் ஈரத்தில் இறங்கிப்போகும், மேடைக்கு முன் சூடேற்ற நேரமும் இடமும் வேண்டும். பாட்டைப் பதிவு செய்வது திட்டத்தில் இருந்தால் மைக்குக்கு ரோம உறைக்குப் பணம் ஒதுக்குங்கள். வலை இழுக்கும் இடத்திலேயே பதிவு செய்வது அழகுதான், ஆனால் சொற்கள் கேட்காது. அதே பாட்டை ஒரு முறை ஓலைக்கொட்டகைக்குள் உட்காரவைத்துப் பாடச்சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்தின் உரைப்பகுதியில் ‘அழிந்துவரும் தொன்மையான கலை’ என்று தொடங்காதீர்கள். தேர்வுக்குழுவில் உட்காருகிறவர்கள் அந்த வரியைப் படித்துப் படித்துச் சலித்தவர்கள். எந்த ஊரில் எத்தனை பேருக்கு இன்னும் முழுப்பாட்டும் தெரியும், அவர்களுக்கு என்ன வயது, தலைப்பாட்டுக்காரர் யார், பின்பாட்டு எத்தனை பேர், பாய்மரமும் கரைவலையும் குறைந்த பிறகு அந்தப் பாட்டு இப்போது எங்கே பாடப்படுகிறது என்று எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். ஊர்த் தலைவர், பங்குத்தந்தை அல்லது ஜமாஅத் கொடுத்த சம்மதக் கடிதத்தைச் சேருங்கள். பாடுகிறவர்களிடம் ஒலிப்பதிவை எங்கே, எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று தமிழில் எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இதைப் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பாட்டு இணையத்தில் ஏறிய பிறகு கேட்டால் ஊரில் சண்டை வரும், நியாயமான சண்டை.

வரவு செலவில் முழு எண்கள் சந்தேகத்தைக் கிளப்பும். ‘பயிற்சி: 1,00,000’ என்று எழுதுவதற்குப் பதில் எப்படி வந்தது என்று காட்டுங்கள். ஒரு மாதிரி சொல்கிறேன், விலையை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 12 கலைஞர், 16 பயிற்சி, ஒரு அமர்வுக்கு 400 ரூபாய்: 76,800. மூன்று ஊரில் மேடை, ஆளுக்கு 1,500: 54,000. ஒலி, ஒளி அமைப்பு மூன்று முறை, 18,000 வீதம்: 54,000. ஜெனரேட்டர் 6,000 வீதம் 18,000. வேன் 5,000 வீதம் 15,000. பயிற்சி நாள் டீயும் பலகாரமும் 15 பேருக்கு 60 ரூபாய் வீதம்: 14,400. மேடை நாள் சாப்பாடு 20 பேருக்கு 250 வீதம், மூன்று நாள்: 15,000. ஒலிப்பதிவு நான்கு நாள், 8,000 வீதம்: 32,000. தணிக்கையாளர் கட்டணம் 10,000. மொத்தம் 2,89,200. பயிற்சிக்கு ஊதியம் போடுவது வீண் என்று சிலர் வெட்டிவிடுவார்கள். நான் அந்த வரியைத்தான் கடைசிவரை காப்பாற்றச் சொல்வேன். ஒரு நாள் பாடு போனால் அந்த வீட்டுக்கு என்ன நட்டம் என்பது நமக்குத் தெரியும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும். பொது இடத்தில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை கூடாது. விடிய விடிய நடக்கும் நாடகத்தை அப்படியே எழுதினால் அந்த இடத்திலேயே கேள்வி வரும். மாலை 6 மணிக்குத் தொடங்கும் நான்கு மணி நேர வடிவத்தை எழுதுங்கள். தனுஷ்கோடியில் மாலை நிகழ்ச்சி என்பது நடக்காத காரியம், இருட்டுமுன் ஆள்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அங்கே படம் பிடிக்கக்கூட வனத்துறையைக் கேட்க வேண்டும். மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பயிற்சி என்றால் மாவட்ட ஆட்சியர் வழியாக முன்கூட்டியே அனுமதி.

பணம் ஒரே தடவையில் வராது. விழா, தயாரிப்பு நிதியில் முதலில் 75 விழுக்காடு, வேலை முடிந்து கணக்குக் கொடுத்த பிறகு மீதி 25. அந்த இடைவெளியை நீங்கள்தான் தாங்க வேண்டும். யாருக்குக் கடன் சொல்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஒலி அமைப்பாளரும் தணிக்கையாளரும் காத்திருக்க ஒப்புக்கொள்வார்கள். கலைஞரைக் காக்கவைக்காதீர்கள், அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார். பணம் வருமுன் குடியரசுத் தலைவர் பெயருக்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தரச் சொல்வார்கள். நிபந்தனையை மீறினால் தொகையைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதி அது. கையெழுத்துப் போடுகிறவர்கள் படித்துவிட்டுப் போடட்டும்.

ரசீதில் பணம் வாங்கியவர் பெயர், ஊர், என்ன வேலைக்கு, எந்தத் தேதியில் என்பது இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். தலைப்பாட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து அவர் பிரித்துக்கொடுப்பது நம் வழக்கம். தணிக்கையில் அது ஒருவருக்குக் கொடுத்த பணமாகவே தெரியும். ஒவ்வொருவர் வங்கிக் கணக்குக்கும் அனுப்புங்கள். நாட்டுப்புற அல்லது செவ்வியல் கலைஞரின் நிகழ்ச்சி ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. ஒலி அமைப்பாளர் பில்லில் ஜிஎஸ்டி வரலாம், அதை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பெட்ரோல் பங்க், கடைகளில் தருகிற வழவழப்பான தாள் பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். அன்றைக்கே நகல் எடுத்து இரண்டையும் சேர்த்துக் குத்தி வையுங்கள்.

முடிவில், பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில், நிர்வாகியும் பட்டயக் கணக்காளரும் கையெழுத்திட்டு. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது பொது விதி; ஒப்புதல் ஆணையில் இதைவிடக் குறைந்த கெடு இருந்தால் அதுதான் செல்லும். பழைய சான்றிதழ் நிலுவையில் இருந்தால் புது நிதி கிடையாது. நிதிக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருந்தால் அதில் சேர்ந்த வட்டி உங்களுடையது இல்லை, அரசுக்குப் பணம் கட்டுவதற்கான பாரத்கோஷ் இணையதளத்தின் வழியாக அரசுக்கே கட்டி அந்த ரசீதையும் சான்றிதழோடு இணைக்க வேண்டும். வட்டி 212 ரூபாயாக இருந்தாலும் அதை விட்டுவிட்டால் கோப்பு நிற்கும். நிதியில் வாங்கிய தவிலோ ரிக்கார்டரோ சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும், அனுமதியில்லாமல் விற்கக் கூடாது. இரண்டாம் தவணை வந்துசேரும்வரை அந்த வங்கிக் கணக்கை மூடவும் வேண்டாம், கையெழுத்திடும் ஆள்களை மாற்றவும் வேண்டாம்.