நூற்றுக்கு ஒன்பது முறை

மலேசியாவின் பாடாங் செராயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை ஏழு மாதமாக ஓர் எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டு பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் அப்பா காலையில் ரொட்டி சானாய் பிய்த்துச் சாப்பிடுவார். குழம்பு போர்டில் தெறித்துவிடுமோ என்று எனக்குப் பயம். போர்டு ஷாக் அடித்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

ஒரு வாடிக்கையாளரின் அளவீட்டுக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள், எழுதும் வேலை. அதில் இருக்கும் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும்) சிப் 14 பிட், இரண்டு சேனல், ஒவ்வொரு சேனலிலும் வினாடிக்கு 100 கோடி மாதிரிகள். மாதிரி ஒன்றுக்கு 16 பிட் என்று அடுக்கினால் வினாடிக்கு 4 ஜிபி வந்து கொட்டும்.

முதல் போர்டுக்கு நான் எழுதியது சுத்தமான சோம்பேறித்தனம். ஒரே கோப்பு, 2,600 வரி. சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்டர், எஃப்பிஜிஏ, புராசசரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ எல்லாம் ஒரே பானையில். ஓடியது, காசும் வந்தது. இரண்டாவது போர்டு வந்ததும் அதையே நகலெடுத்துத் திருத்தினேன். மூன்றாவதுக்கும் அப்படியே. முதலாவதில் எப்போதோ சரிசெய்த பிழை மற்ற இரண்டிலும் சுகமாகக் குடியிருப்பதைப் பார்த்த அன்றுதான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

லினக்ஸின் மையமான கர்னலில் ஏடிசி, அதன் எதிர்வேலை செய்யும் டிஏசி, சென்சார் வகையறாவுக்கென்றே ஐஐஓ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜானதன் கேமரன் தொடங்கியது, 2009-இல் 2.6.32 கர்னலின் ஸ்டேஜிங் என்ற முன்னோட்டப் பகுதிக்குள் வந்தது. வெப்பமானி, முடுக்கமானி மாதிரி மெதுவான சாமான்களுக்குத்தான் அது என்று நினைத்து நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. டிஎம்ஏ பஃபர் அதில் வந்து வருடக்கணக்காகிறது. 2024-இல் 6.9 கர்னலில் வந்த ‘பேக்எண்ட்’ ஏற்பாடு என் தலைவலிக்கே செய்த மருந்து. ஏடிசி டிரைவருக்குத் தன் சிப்பை மட்டும் தெரிந்தால் போதும். தரவை வாங்கும் எஃப்பிஜிஏ பகுதிக்குத் தனி டிரைவர். யாருக்கு யார் ஜோடி என்பதை டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரக் கோப்பு சொல்லும். சிப் மாறினால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் போதும்.

தரவை நகர்த்துவதில்தான் உயிர் போகும் என்று எதிர்பார்த்தேன். அங்கே பெரிய கதை இல்லை. வினாடிக்கு 4 ஜிபியை அந்தப் போர்டின் புராசசர் நினைவகத்துக்குள் விடாமல் கொட்ட முடியாது. அதனால் எஃப்பிஜிஏ பக்கம் இருக்கும் 1 ஜிபி நினைவகத்தில் முதலில் பிடித்துக்கொள்வோம். கால் வினாடியில் நிரம்பிவிடும். அப்புறம் டிஎம்ஏ நிதானமாக அள்ளிக்கொண்டு வரும். வாடிக்கையாளருக்கும் அந்தக் கால் வினாடிதான் வேண்டும்.

உயிரை வாங்கியது இணைப்பு. சிப்பிலிருந்து எஃப்பிஜிஏவுக்குத் தரவு ஜெஸ்டி 204பி என்ற தரநிலைப்படி நான்கு லேன்களில், அதாவது நான்கு தடங்களில், வருகிறது. 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்புவதால் லேனுக்கு 10 ஜிகாபிட். அந்தத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 12.5. தொடக்கத்தில் வாங்கும் பக்கம் சிங்க் கம்பியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். அனுப்பும் சிப் கே28.5 என்ற ஒரே குறியைத் திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு லேனிலும் அது தொடர்ந்து நான்கு முறையாவது சரியாக வந்தால்தான் வாங்கும் பக்கம் கம்பியை விடும். பிறகு வரிசைப்படுத்தும் கட்டம், அதன் பிறகே தரவு. நான்கு லேன்களும் ஒரே நேரத்தில் வந்து சேராது. முந்தி வந்ததை நிறுத்திவைத்து, நான்கும் சேர்ந்ததும் ஒன்றாகத் திறந்துவிட வேண்டும். தோட்டத்துப் பால் கொட்டகை மாதிரிதான், கடைசி வாளி வந்து இறங்கும்வரை லாரி கிளம்பாது.

புதிய டிரைவர் அழகாக ஓடியது. நான் பெருமையாக அனுப்பி வைத்தேன். இரண்டு நாளில் பதில்: சில காலைகளில் கருவியை ஆன் செய்தால் இணைப்பே வருவதில்லை. என் மேசையில் ஐம்பது முறை ரீபூட் செய்தேன், ஐம்பதும் வந்தது. அவர்கள் இடத்து மின்சாரத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

பிறகுதான் உறைத்தது. ரீபூட் செய்தால் போர்டுக்கு வரும் கரண்ட் நிற்பதே இல்லையே! ஷாப்பி இணையக் கடையில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ரிலே வாங்கி, மின்சாரத்தையே வெட்டி வெட்டிப் போடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ராத்திரி முழுக்க டிக், டிக். 100 முறையில் 9 முறை லேன்கள் கே28.5 கட்டத்திலேயே நின்றுவிட்டன.

நாலரை மணிக்கு அப்பா எழுந்து வந்தார். பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் தண்டலாக, ஆட்களை மேய்க்கும் வேலையில், இருந்தவர். தோட்டம் செம்பனையாகிப் பல வருடம் ஆகியும் பெரட்டு நேரத்துக்கு, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரத்துக்கு, விழிப்பு வந்துவிடும்.

“ஏம்மா, இன்னும் தூங்கலயா?”

“நாலு பேரு வேலைக்கு வரணும்பா. சில நாள் நாலு பேருமே வர மாட்டேங்கிறாங்க.”

“வராதவன நிறுத்திட்டு வேற ஆளப் போடு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் சுட வைக்கப் போனார். உதவவில்லை.

கடைசியில் மாட்டியது மற்ற சிப்புகளுக்குத் தாளம் போடும் கிளாக் சிப். அதற்கும் டிரைவர் நான்தான் எழுதியிருந்தேன். ஒரு டிரைவருக்குத் தேவையான கிளாக் இன்னும் பதிவாகவில்லை என்றால் கர்னல் -517 என்று சொல்லித் தள்ளிவைத்து, பிறகு மறுபடி முயலும். அதை நம்பி வரிசையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. ஆனால் கிளாக் டிரைவர் பதிவாவது வேறு, உள்ளே தாளத்தை உருவாக்கும் பிஎல்எல் சுற்று பூட்டி நிலைக்கு வருவது வேறு. கரண்ட் புதிதாக வரும்போது பூட்டச் சில நேரம் கூடுதலாகிறது. அதற்குள் ஏடிசி டிரைவர் முந்திக்கொண்டு, தள்ளாடும் கிளாக்கை வைத்தே சிப்பைத் தயார் செய்துவிடுகிறது. ரீபூட்டில் கிளாக் சிப் அணைவதே இல்லை, அதனால்தான் என் மேசையில் ஐம்பதும் பழுதில்லாமல் வந்தது.

சரி, பூட்டும்வரை காத்திருக்கச் சொன்னால் முடிந்தது என்று கிளாக்கை ஓடவிடும் எனேபிள் ஃபங்ஷனில் நாலு வரி போட்டேன். திரை முழுக்க ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’, தூங்கக் கூடாத இடத்தில் தூங்கினாய் என்ற கர்னலின் திட்டு. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனேபிள், ஸ்பின்லாக் என்ற கர்னல் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, அதற்குள் தூங்கவே கூடாது. கிளாக் சிப்போடு பேசும் எஸ்பிஐ இணைப்பு வழியாக ரிஜிஸ்டர் படிக்கத் தூங்கியே ஆக வேண்டும். அதற்கென்றே முன்னால் பிரிப்பேர் என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். நாலு வரியையும் அங்கே தூக்கிப் போட்டேன்.

மறுநாள் ராத்திரி ரிலேயை 500 முறைக்கு வைத்தேன். 312-இல் பெரிய இடி, பாடாங் செராயில் எங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. எங்கள் மழைக்காலம் அப்படித்தான். கரண்ட் வந்ததும் போர்டு தானே எழுந்து நான்கு லேன்களிலும் தரவு என்று எழுதி வைத்திருந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மீதியை ஓட்டினேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

அடுத்த மாதம் வேறு ஏடிசியோடு புதிய போர்டு வந்தது. இந்த முறை 340 வரிதான் எழுத வேண்டியிருந்தது. ஆனால் போர்டு வரைந்தவர் இரண்டு லேன்களை மாற்றிப் போட்டிருந்தார், அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள். அப்பா இப்போது ரொட்டி சானாயை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.