கொடுமுடியில் ஒரு கும்பிடு

கொடுமுடியில் ரயில் நின்றதும் எதிர் சீட்டு ஆத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"கோயிலுக்குங்களா?"

"சாமிக்குந்தான் கண்ணு, சுந்தராம்பாளுக்குந்தான்."

மஞ்சப்பையில் தாளம் தட்டிக்கொண்டே ஏதோ முருகன் பாட்டை முணுமுணுத்தார். உச்சத்துக்குப் போகும் இடத்தில் குரல் எட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் மேலே உயர்த்தினார், பாட்டு அங்கே போய்விட்டது போல.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கொடுமுடியில் பிறந்த பாடகி கே.பி.சுந்தராம்பாள் சின்னப் பிள்ளையாக ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்புறம் நாடகக் கம்பெனி, இலங்கை மேடை, கணவரான நாடகப் பாடகர் கிட்டப்பா. 1933இல் கிட்டப்பா இறந்துபோனபோது இவருக்கு 25 வயதுதான். அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை.

ஆனால் பாட்டை விடவில்லையே! 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம். 1953இல் ஔவையார். இன்றைக்கும் ஔவை என்றால் எனக்கு அந்த முகம்தான்.

ஒரு லட்சக் கதையை ஆத்தாவிடம் சொன்னேன்.

"காசு கெடக்குது கண்ணு, அந்தத் தொண்டை ஆருக்கு வரும்?" என்றவர், கரூர் வரும்வரை தாளத்தை நிறுத்தவே இல்லை.