மூன்று நாள் கெடுவும் அறுபது ஓட்டும்

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிச்சூட்டுக்கும் மறுநாள் "பிரார்த்திக்கிறோம்" என்று செனட்டர்கள் அறிக்கை விடுகிறார்கள். படிக்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது. சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாமலா இருக்கிறார்கள்?

உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் முதலில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் அந்த விவரங்களை எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைப் பிரிவுக்கு அனுப்புவார். சில மாநிலங்களில் இதை மாநிலக் காவல்துறையே செய்கிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் 'கொடுக்கலாம்' அல்லது 'கூடாது' என்று பதில் வந்துவிடும். சிக்கல், மூன்றாவது பதிலான 'தாமதம்' வரும்போதுதான். பழைய கைது ஒன்று பதிவில் இருக்கும், வழக்கு என்ன ஆனது என்று இருக்காது. சோதனைப் பிரிவின் ஆய்வாளர் அந்த ஊர் போலீஸையும் நீதிமன்றத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். விற்றே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வால்மார்ட் பதில் வரும்வரை விற்பதில்லை. விற்ற பிறகு 'கூடாது' என்று தெரியவந்தால், அரசு அதிகாரிகள் வாங்கியவரைத் தேடிப்போய்த் துப்பாக்கியைத் திரும்ப வாங்க வேண்டும்!

2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனின் கைக்குத் துப்பாக்கி வந்த வழி இதுதான். போதைப்பொருள் வழக்கில் அவன் கைதானதைப் பதிவில் ஆய்வாளர் பார்த்தார். ஆனால் கைது செய்த காவல்துறையின் பெயர் அதில் தவறாக இருந்ததால் விசாரணை வேறு அலுவலகத்துக்குப் போனது. கெடு முடிந்தது, கடை விற்றது.

கெடுவை நீட்டும் மசோதா 2019இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, 2021இல் மறுபடியும் நிறைவேறியது. இரண்டு முறையும் மேலவையான செனட்டில் ஓட்டெடுப்புக்கே வரவில்லை. விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விட அங்கே 100க்கு 60 பேர் வேண்டும். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் செத்த பிறகு, துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இணையத்திலும் நடக்கும் தனியார் விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று 2013இல் வந்த திருத்தத்துக்குக் கிடைத்தது 54. அதனால் தோற்றது. அங்கே மக்கள்தொகைக்கும் மதிப்பில்லை: ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர்கள், கிட்டத்தட்ட நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்கள்.

2022இல் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்த பிறகு ஒரு சட்டம் வந்ததே என்பார்கள். வந்தது, நல்லதுதான். ஆனால் அது கெடுவைப் பத்து வேலை நாள் வரை நீட்டியது 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும். அந்த வயதினருக்குக் கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கவே கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சார்ல்ஸ்டன்காரன் வாங்கியதோ கைத்துப்பாக்கி, வயதும் 21. இந்தச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தாலும் அவனுக்கு அதே மூன்று நாள்தான்.

மனமிருந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதற்கு வர்ஜீனியா சாட்சி. 2007 ஏப்ரல் 16இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் கொல்லப்பட்ட 32 பேரில் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போன பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் ஒருவர்; நீரியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கொலையாளி மனநலச் சிகிச்சை பெற வேண்டும் என்று முன்பே நீதிமன்ற உத்தரவு இருந்தது. வெளிநோயாளிச் சிகிச்சை என்பதால் மாநிலம் அதைச் சோதனைப் பதிவில் சேர்க்கவில்லை, அவனும் சோதனையில் தேறிவிட்டான். இரண்டே வாரத்தில் ஆளுநர் ஓர் ஆணையில் அந்த வழியை அடைத்தார்.

அங்கே ஓட்டுரிமை உள்ள தமிழர்கள் செனட்டர் அலுவலகத்துக்குப் போன் செய்தால் (பொது எண் 202-224-3121) "துப்பாக்கிப் பாதுகாப்பை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "மூன்று நாள் கெடுவை எல்லா வயதினருக்கும் நீட்டும் மசோதா வந்தால், விவாதத்தை முடிக்கும் அந்த அறுபதில் உங்கள் ஓட்டு உண்டா, இல்லையா?" என்று கேளுங்கள். மழுப்பினால், எழுத்தில் பதில் கேட்டு முகவரியையும் கொடுங்கள்.