பட்டுச் சட்டைக்கு ஒரு வேர்வைத் தாள்

பட்டுச் சாறிச் சட்டை முதலில் பழுதாகிற இடம் எது என்று எந்தத் தையல்காரரைக் கேட்டாலும் கமக்கட்டு என்றுதான் சொல்வார். கைக்குழித் தையலும் பக்கத் தையலும் சந்திக்கிற அந்த மூலை. பெரிதாக்கித் தரச் சொல்லித் திரும்பி வருகிற சட்டையைப் பிரித்தால் மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்கும். அங்கே மட்டும் விறைத்து, வெளிறி, ஓரத்தில் மஞ்சள் வளையம் விழுந்திருக்கும். வேர்வையின் உப்பு பட்டு நூலைப் பலவீனமாக்கும். ரோல்-ஓனில் இருக்கிற அலுமினிய உப்பும் வேர்வையும் சேர்ந்தால் மஞ்சள் கறை. கூறைச் சட்டை என்றால் சிவப்புச் சாயம் லைனிங்கில் இறங்கும், சரிகை கறுக்கும். தண்ணீரில் போட்டு அலசி எடுக்கிற சாமானும் இல்லை.

நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டோடு சட்டை தைக்கிறேன். கலியாணச் சட்டையும் பரதநாட்டிய உடுப்பும்தான் கூடுதல். ஆவணிக் கலியாணத்தில் வெளியே சோழகம் அடித்தாலும் மண்டபத்துக்குள் ஓமப் புகையும் வீடியோ லைற்றும் பொம்பிளைப் பிள்ளையை ஒரு வழி பண்ணிவிடும். அரங்கேற்றம் அதைவிட மோசம். வர்ணம் என்கிற உருப்படி ஒன்றே அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். இதற்கு எங்கள் ஆட்கள் செய்கிற வைத்தியம் லேஞ்சியை மடித்துச் செருகுவது, அல்லது உள்ளே இரட்டைக் கொட்டன் துண்டு வைத்துத் தைப்பது. லேஞ்சி நழுவும். தைத்த துண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காயாமல் மணக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒட்டும் தாள்களும் பார்த்தேன். அவை ரீசேட்டுக்கும் தொளதொள சேட்டுக்கும் செய்தவை. எங்கள் சட்டை மாதிரி உடம்போடு ஒட்டித் தைத்த துணிக்குள் வைத்தால் சுருண்டு ஒரு பக்கம் கட்டியாக நிற்கும். அப்படித்தான், இறுக்கமான சட்டைக்கென்றே ஒருமுறை போட்டு எறிகிற தாள் ஒன்றை நாமே வெட்டிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

எவ்வளவு வேர்வை வருகிறது என்பதை முதலில் அளந்தேன். நடனம் பழகும் பிள்ளைகள் சிலரிடம் மடித்த கொட்டன் துண்டு கொடுத்து, பயிற்சி முடிந்ததும் உடனே சிப் பையில் போட்டு மூடித் தரச் சொன்னேன். அதைக் கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோய் பொன் நிறுக்கும் தராசில் வைத்தோம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு அது. போடமுன் ஒரு நிறை, போட்டபின் ஒரு நிறை. வந்த வித்தியாசம் ஒற்றை இலக்கக் கிராம். நனைந்த சட்டையைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கோப்பை ஊற்றின மாதிரித் தெரியும், உண்மையில் கரண்டிக் கணக்குத்தான்.

இந்த ஒரு விசயம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கிற மணிகளைப் பற்றிப் பலர் கேட்டார்கள். சோடியம் பொலிஅக்ரிலேற் என்கிற பொருள் அது. சுத்தமான தண்ணீரைத் தன் நிறையின் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிடும், வேர்வை உப்புத் தண்ணீர்தானே. அதோடு, குடித்த மணி வீங்கிக் களியாகும். இறுக்கமான கைக்குழிக்குள் வீங்குகிற எதற்கும் இடமில்லை. சில கிராமுக்காக அதை வைக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தாள் மூன்று அடுக்கு: தோலில் படுகிற மேல்தாள், உறிஞ்சும் நடுத்தாள், சட்டைப் பக்கம் இருக்கிற பின்தாள். நடுத்தாளுக்கு மருந்துப் பஞ்சு நல்லதில்லையா என்று சின்னம்மா கேட்டா. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தமும் மலிவு விலை மாதவிடாய் நாப்கினுக்கு முதலில் பஞ்சைத்தான் எடுத்தார், கம்பனி நாப்கின்களுக்குள் இருப்பது மரக்கூழ் நார் என்பது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது என்ற கதையை அவவுக்குச் சொன்னேன். பஞ்சு ஈரமாகி அமுங்கினால் திரண்டுவிடும். எனக்குச் சரிப்பட்டது மரக்கூழைக் காற்றால் பரப்பி ஒட்டிச் செய்கிற தாள். எயர்லெய்ட் என்பார்கள். பெரிய ஹோட்டல்களில் துணி மாதிரித் தடிப்பாக ஒரு நாப்கின் வைப்பார்களே, அந்த இனம்தான். கொழும்பு புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினால் கிடைக்கும். விற்கிறவர் சொல்கிற கிராம் கணக்கை நம்பி வாங்காமல், பத்துச் சென்ரிமீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் துண்டு வெட்டி நிறுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரின் நிறை வந்துவிடும். துண்டு 0.6 கிராம் என்றால் அது 60 கிராம் தாள். தடிப்பை அளக்கப் பத்துத் தாளை அடுக்கி அடிமட்டம் வைத்துப் பத்தால் பிரிப்பேன்.

தோலில் படுகிற மேல்தாள் வேறு கதை. கொரோனாக் காலத்தில் மாஸ்க் தைத்த துணி வீட்டில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு திரண்டு அப்படியே நிற்கும், உள்ளே போகாது. பொலிபுறொப்பிலீன் நாருக்கு இயல்பிலேயே தண்ணீர் ஒட்டாது. மாதவிடாய் நாப்கினின் மேல்தாளும் பெரும்பாலும் அதே நார்தான், ஆனால் தண்ணீரை விடும்படி மேலே ஒரு பூச்சுக் கொடுத்திருப்பார்கள். அதனால் ரோலைப் பிரிக்கமுன் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது கட்டாயம். உடனே மறைந்து, மேல்பக்கம் தொட்டால் காய்ந்திருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யமுடியாது. துணிச் சாயம் வேர்வைக்கு நிற்குமா என்று பார்க்கும் சர்வதேச முறையில் செயற்கை வேர்வைக்கு லீற்றருக்கு 5 கிராம் உப்புப் போடுவார்கள். நானும் அந்த அளவில் உப்புக் கரைத்து, பரவுவது தெரியக் கொஞ்சம் பீற்றூட் சாறு விட்டேன். பாமசியில் வாங்கிய ஊசி போடாத சிறிஞ்சால் ஒரு மில்லிலீற்றர் விட்டு, அது மறைய எத்தனை விநாடி எடுக்கிறது என்று பார்ப்பேன். பிறகு நிறுத்து வைத்த ரிசுத்தாளை மேலே வைத்து ஒரு கிலோ படிக்கல்லை ஏற்றுவேன். ரிசு எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு ஈரம் தோலுக்குத் திரும்பி வருகிறது. இறுக்கமான உடுப்புக்கு இந்தப் படிக்கல் சோதனைதான் முக்கியம். கை எப்போதும் விலாவோடு அமுக்கிக்கொண்டே இருக்கிறதே. சும்மா மேசையில் அருமையாக உறிஞ்சின எத்தனையோ தாள் படிக்கல்லுக்குக் கீழே எல்லாவற்றையும் திருப்பிக் கக்கிவிட்டது.

வடிவத்தில்தான் அதிக காலம் போனது. முட்டை வடிவில் வெட்டி நடுவில் மடித்தால் கையைத் தூக்கும்போது நடு விரிந்து ஓரம் மேலே கிளம்பும். சின்னம்மா நாற்பது வருசத்துக்கு மேலாகக் கைக்குழி வெட்டுகிறவ. ஒருநாள் என் மாதிரித் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இஞ்சை பார் பிள்ளை, கைக்குழி நேர்க்கோடோ? நீ ஏன் நேராய் மடிக்கிறாய்?” என்றா. அவவே கத்தரியை எடுத்து இரண்டு துண்டாக வெட்டி, இரண்டுக்கும் உட்பக்கம் வளைவு கொடுத்து, வளைவோடு வளைவு ஒட்டினா. சட்டைக்குள் வைத்தபோது அது கைக்குழித் தையலில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இரண்டு துண்டையும் இறகு என்போம். கைப்பக்க இறகு சின்னது, உடற்பக்க இறகு பெரியது. கை நீளம் நாலு அங்குலம் என்றால் கைப்பக்க இறகு இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் அபிநயத்துக்குக் கையை உயர்த்தும்போது வெள்ளை எட்டிப் பார்க்கும். கைக்குழிச் சுற்றளவு பதினைந்து, பதினாறரை, பதினெட்டு அங்குலம் என்று மூன்று அளவு வைத்தோம்.

விளிம்பும் கவனிக்க வேண்டியது. எல்லாத் தாளையும் ஒரே அளவில் வெட்டினால் ஓரத்தின் தடிப்பு பட்டுக்கு வெளியே கோடாகத் தெரியும். படம் எடுத்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். நடுத்தாளை நாலு மில்லிமீற்றர் உள்ளே எடுத்து வெட்டியதும் அது மறைந்தது. பொலித்தீன் பை ஒட்டும் மெசினில் விளிம்பை உருக்கியும் பார்த்தோம். உருகிய இடம் இறுகி, சவரம் செய்த தோலில் குத்துகிறது என்று போட்ட பிள்ளைகள் எல்லோரும் சொன்னார்கள். இப்போது மெல்லிய பசைதான். வெட்டுவதற்கு, கொல்லரிடம் உருக்குப் பட்டியை அந்த வடிவில் வளைத்துக் கூராக்கி ஒரு அச்சுச் செய்வித்தோம். றபர் பலகையில் வைத்து ஒரே போடு.

பசை விசயத்தில் நான் மிகவும் பயந்தேன். ஒருவருடைய கூறைச் சட்டையில் பிசின் தடம் விழுந்தால் யார் பதில் சொல்வது? அதனால் பசை பட்டில் படவே கூடாது, லைனிங்கில் மட்டும்தான் என்பது விதி. லைனிங் இல்லாத சட்டைக்கு இதைக் கொடுப்பதில்லை. பல ஒட்டும் ரேப்புகளை லைனிங் துண்டுகளில் ஒட்டி, மேலே பாரம் வைத்து, மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே விட்டு, பின்னேரம் உரித்தேன். அறையில் நன்றாக உரிந்த சில ரேப் சூட்டில் இளகித் துணியில் தங்கிவிட்டன. தேறியது ஒன்றிரண்டு. அதையும் தாள் முழுக்கப் பூசாமல், மடிப்பு வளைவைத் தொடாமல், இறகுக்கு இரண்டு குட்டைப் பட்டியாக வைக்கிறோம். முழுக்க ஒட்டினால் தாள் துணியோடு சேர்ந்து வளையாது, கரகரக்கும்.

பின்தாளுக்கு வெறும் பொலித்தீன் வைத்தால் ஈரம் வெளியே போகாது, உள்ளே அவிந்துவிடும். சுண்ணாம்புக்கல் தூள் கலந்து இழுத்த பொலித்தீன் ஒன்று இருக்கிறது. இழுக்கும்போது தூளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், ஆவி போகும், நீர் போகாது. ஆவி பட்டுக்குப் போனால் பரவாயில்லையா என்று ஒரு நடன ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. ஆவியோடு உப்பு போவதில்லை. உப்பும் அலுமினியமும் தாளிலேயே தங்கிவிடும், பட்டில் கறை விழுத்துவது அவைதான்.

வாசனை சேர்க்கச் சொன்னவர்களுக்கு முடியாது என்றே சொன்னேன். சவரம் செய்த கமக்கட்டில் வாசனைத் திரவியம் எரியும். மணமே வேர்வையால் வருவதில்லை, தோலில் இருக்கிற பக்ரீரியா அதைச் சிதைப்பதால் வருகிறது. ஈரம் தோலில் நிற்காமல் இழுபட்டால் பாதிப் பிரச்சினை குறையும். ரோல்-ஓன் போடுகிறவர்கள் அது நன்றாகக் காய்ந்த பிறகு சட்டையைப் போட வேண்டும் என்பதைப் பைக்கற்றிலேயே அச்சடித்திருக்கிறோம்.

இப்போது ஒரு சோடியைக் கடதாசிப் பைக்கற்றில் போட்டு, சட்டை எடுக்க வருகிறவர்களுக்கும் நடன வகுப்புகளுக்கும் கொடுக்கிறோம். கலியாணத்துக்கு இரண்டு சோடி எடுக்கச் சொல்வேன், கூறை மாற்றப் போகும்போது பழையதை உரித்துவிட்டுப் புதிதை ஒட்ட ஒரு நிமிடம் போதும். என் மனதுக்கு ஒப்பாமல் இருப்பது அந்தப் பின்தாள்தான். மேல்தாளை மரக்கூழிலிருந்து செய்கிற விஸ்கோசு நாருக்கு மாற்றிவிட்டோம், நடுத்தாள் மரக்கூழ், அவை உக்கும். பொலித்தீன் உக்காது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் அதற்குள்தான் நிற்கிறது, அதனால் குழியில் புதைக்க வேண்டாம், வளவில் கொளுத்த வேண்டாம், குப்பை வண்டிக்குக் கொடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்கிறேன். மெழுகு பூசிய மெல்லிய கடதாசியை வைத்து இப்போது வெட்டிப் பார்க்கிறோம். படிக்கல்லுக்குத் தாக்குப்பிடிக்கிறது, மடிப்பு வளைவில்தான் இன்னும் வெடிக்கிறது.