அக்கா, நான், மத்தியதரைக் கடல், ஒரு காலிக் கட்டம்

மத்தியதரைக் கடலுக்கு முதல் தடவை குரூஸ் போகிறவர்கள் கப்பலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது தன்னால் போகும். பாஸ்போர்ட்டை எடுத்து, சர்நேம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அக்காவுக்குக் காலி. நம் ஆட்களில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். எனக்கு வீட்டுக்காரர் பெயர் சர்நேமாக இருக்கிறது. அதனால் பேப்பரில் பார்த்தால் நாங்கள் இருவரும் அக்கா தங்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மும்பைப் பக்கம் நான் செம்பூர், அக்கா டோம்பிவிலி. அவள் பாங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். 2024 அக்டோபரில் ரோம் பக்கத்துச் சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறி, சான்டோரினி, துருக்கியின் குஷாதாசி, மிகோனோஸ், நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு அதே துறைமுகத்தில் இறங்கும் ஏழு இரவுப் பயணம்.

புக்கிங், டிக்கெட், இன்ஷூரன்ஸ், விசா எல்லாவற்றையும் ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லி வந்த ஆள். பேர் வேண்டாம். சர்நேம் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்பதால், அந்தந்த நேரத்தில் தோன்றியதை அவர் போட்டிருக்கிறார். ஃப்ளைட் டிக்கெட்டில் அக்காவின் பெயர் இரண்டு தடவை. கப்பல் புக்கிங்கில் அப்பாவின் பெயர். இன்ஷூரன்ஸில் அத்தானின் பெயர். ஃபைலை ஒட்டி மூடி, அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின நாள் மாலைதான் எங்கள் கையில் கொடுத்தார்.

விசா மையத்தில் கவுன்டர் பெண் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்தாள். பாஸ்போர்ட்டை அதன் மேல் வைத்தாள். "ஆன்ட்டி, இதில் நீங்கள் யார்?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, பாவம், உண்மையாகவே கேட்டாள். "இப்படியே வாங்கிக்கொள்கிறேன், ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. சரிசெய்து வருவதானால் புது அப்பாயின்ட்மென்ட்." கோடை விடுமுறைக் கூட்டம் முடியாத சமயம். ஸ்லாட் கிடைப்பதே பெரும்பாடு. திரும்பி வந்தோம்.

வெளியே நின்றே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், "சவுத் இண்டியன் பெயர் என்றாலே இப்படித்தான் மேடம்" என்கிறார். ஏதோ நாங்கள் பெயர் வைத்தது அவருடைய தொழிலைக் கெடுக்கத்தான் என்பது போல.

கடைசியில் நாங்கள் செய்தது இது. சர்நேம் இல்லாதவர்களுக்கு எப்படி டிக்கெட் போடுவது என்பதில் ஒவ்வொரு விமானக் கம்பெனிக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. நேராக அவர்களிடமே கேட்டோம். பெயரை இரண்டு தடவை போடுவது சரிதான் என்றார்கள். கப்பல் புக்கிங்கையும் அதே மாதிரி மாற்றச் சொன்னோம். முழுப் பணம் கட்டும் கெடு வராததால் காசு கேட்கவில்லை. இன்ஷூரன்ஸ் புதிதாக எடுத்தோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, எல்லாத் தாளிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று அக்கா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாங்கில் எத்தனை வருஷம் இந்த மாதிரிக் கடிதம் வாங்கியிருப்பாள்! மூன்றே வரி, ஒரு சொல் கூடுதல் இல்லை.

ஃபைலைப் பிரித்ததில் இன்னொன்றும் மாட்டியது. விண்ணப்பத்தில் எத்தனை முறை நுழைவு என்ற இடத்தில் ஏஜென்ட் 'ஒன்று' என்று டிக் போட்டிருந்தார். கண்டுபிடித்தது அக்கா. குஷாதாசி துருக்கி. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன். துருக்கி அதில் இல்லை. கிரீஸிலிருந்து துருக்கிக்குப் போய்விட்டு மறுபடி கிரீஸுக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. சிங்கிள் என்ட்ரி விசாவை நம்பிப் போயிருந்தால் கப்பலிலேயே ஏற்றாமல் விட்டிருக்கலாம். "கப்பல்தானே மேடம், நீங்கள் இறங்கினால்தான் கணக்கு" என்றார் ஏஜென்ட். அக்கா பதில் சொல்லவில்லை. பேனாவை எடுத்துப் புது ஃபாரம் நிரப்ப ஆரம்பித்தாள். துருக்கிக்குத் தனியாக, ஷெங்கன் விசா கைக்கு வந்த பிறகு, இணையத்தில் இ-விசா எடுத்துக்கொண்டோம். இன்ஷூரன்ஸும் அப்படித்தான். 30,000 யூரோ கவரேஜ் என்ற விதியை மட்டும் பார்த்து ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் பாலிசி போட்டிருந்தார். துருக்கியையும் சேர்த்து எடுங்கள்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று குழம்புகிறவர்கள் இரவுகளை எண்ணுங்கள். அதிக நாள் தங்கும் நாடு, சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் ரோமில் தங்கியதால் எங்களுக்கு இத்தாலிதான் வந்தது. ஏறும் நாளிலேயே ஃப்ளைட்டில் போய் இறங்காதீர்கள். விமானம் லேட் ஆனால் கப்பல் காத்திருக்காது.

விசா மையத்துக்கு மறுபடி போனபோது வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேபினுக்கு என் கார்டில் பணம் கட்டியிருந்ததால், "இவர் உங்களுக்கு என்ன உறவு, ஆதாரம்?" என்றார். அறுபதுகளில் கிராமத்தில் பிறந்த அக்காவுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? இரண்டு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் விரித்துக் காட்டினேன். அப்பா பெயர், அம்மா பெயர், எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆபீஸ் லீவு லெட்டர் கேட்டதற்கு அக்கா பென்ஷன் ஆர்டரையும் பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் நீட்டினாள். கைரேகை மட்டும் அவளுக்கு விழவேயில்லை. விரல் எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்து ஒருவழியாக மெஷின் ஏற்றுக்கொண்டது. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம்.

விசா வந்தது. மல்டிபிள் என்று அச்சடித்திருந்த இடத்தை அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

ரோம் டெர்மினியிலிருந்து சிவிடவெக்கியாவுக்கு ரயில் இருக்கிறது. ஏஜென்ட் கார் ஏற்பாடு செய்வதாகச் சொன்ன தொகையைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். ரயிலில் போய் இறங்கினால் லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்திலிருந்து துறைமுகத்துக்குள் பஸ் போகிறது, கப்பலடியில் விடுகிறது.

ஏறிய அன்று என் பெட்டி கேபினுக்கு வந்துவிட்டது, அக்காவுடையது வரவில்லை. இரவு சாப்பாட்டு நேரம்வரை வரவில்லை. விசாரித்தால் கீழ்த்தளத்தில் செக்யூரிட்டி அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் கார்டு, பாட்டில் என்று ஆளாளுக்கு ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். அக்கா பறிகொடுத்தது எலக்ட்ரிக் கெட்டில். சூடாக்குகிற சாமான் எதுவும் கேபினில் கூடாது, தீ பயம். ஒரு ரசீது கொடுத்து, இறங்கும் நாளில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா வாதாடவில்லை. பித்தளை ஃபில்டரையும் காபிப் பொடியையும் மட்டும் காட்டி, "இது?" என்றாள். அந்தப் பையன் ஃபில்டரைத் திறந்து, மூடி, தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டான். பஃபே தளத்தில் கொதிக்கிற வெந்நீர் எப்போதும் கிடைக்கிறது. மறுநாள் காலையிலிருந்து அந்தத் தளத்தில் ஜன்னலோர மேஜையில் டிகாக்‌ஷன் சொட்டத் தொடங்கியது. பக்கத்து மேஜைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் கேட்டு வாங்கியும் குடித்தார்.

சைவம் என்றால் முதல் நாள் இரவே டைனிங் ஹாலில் ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் மறுநாளுக்குத் தனியாகச் செய்து தருகிறார்கள். பஃபேயில் வெறும் தயிர் இருக்கிறது, சாதமும் இருக்கிறது. ஊறுகாய் நம் பொறுப்பு. பால்கோவா, நெய் என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். பால் பொருள்களை வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை.

கப்பல் செலவுக் கணக்குக்கு கிரெடிட் கார்டே கொடுங்கள். அக்கா டெபிட் கார்டு கொடுக்கப் போய், முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்துவைத்தார்கள், அது விடுபட நாளானது. டிப்ஸ் என்று ஆளுக்குத் தினசரி ஒரு தொகை தானாகவே கணக்கில் ஏறும். கரையை விட்டதும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கடலில் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும் கப்பல் நெட்வொர்க்கின் பில் நம்மூர் ரோமிங் பேக்கில் அடங்காது.

சான்டோரினியில் பெரிய கப்பல் கரையில் கட்டாது. நடுக்கடலில் நிறுத்தி, சின்னப் படகில், மலை மேலிருக்கும் ஃபிரா என்ற ஊருக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். மேலே ஏற கேபிள் கார், இல்லாவிட்டால் 588 படி, இல்லாவிட்டால் கோவேறு கழுதை. ஏறுவது பெரிதில்லை. இறங்கும் நேரத்தில் அன்றைக்கு வந்த எல்லாக் கப்பல் ஜனமும் ஒரே கேபிள் காருக்கு நிற்கிறது. வரிசை தெருவுக்குள் வளைந்து போயிற்று. படியில் இறங்கலாமென்றால் அக்காவின் முழங்கால், போதாததற்குக் கழுதைச் சாணி. கடைசிப் படகு கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றிருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். நீல மாடக் கோயில் போட்டோ எல்லாம் அப்புறம், கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வரிசையில் நில்லுங்கள்.

குஷாதாசியில் இறங்கி எபேசஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளை நன்றாகப் பார்த்தோம். மிகோனோஸ் பார்க்கவேயில்லை. காற்று அதிகம் என்று கேப்டன் அறிவித்துவிட்டு நேராகப் போய்விட்டார். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கிறது, சண்டை போட முடியாது. துறைமுகக் கட்டணத்தைக் கணக்கில் திருப்பினார்கள். நேப்பிள்ஸில் கப்பல் ஊர் நடுவிலேயே நிற்கிறது, இறங்கி நடந்தால் எதிரே கோட்டை, கொஞ்சம் தள்ளி பீட்சா.

பேக்கேஜில் 5 சதவீதம் டிசிஎஸ், அதாவது பணம் வாங்கும்போதே பிடிக்கும் வரி, பிடித்திருந்தார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டி வாங்கிக்கொள்ளலாம், சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது இன்ஷூரன்ஸுக்கு ஆன பணத்தைத் திருப்பித் தருவதாக ஏஜென்ட் ஒப்புக்கொண்டார். "நாளைக்குப் போட்டுவிடுகிறேன் மேடம்" என்பதிலேயே இன்னும் இருக்கிறார். அக்கா விடுவதாக இல்லை, திங்கட்கிழமை தோறும் பத்தரை மணிக்கு அவருக்குப் போன் போடுகிறாள்.