பாங்கொலியும் பசூசுவும்

பேய் பிடித்த ஒரு சிறுமியைப் பற்றி 1973 டிசம்பரில் வெளிவந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தை நேற்றிரவு மறுபடியும் பார்த்தேன். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் நிகழும் கதையை, வடக்கு ஈராக்கின் சுட்டெரிக்கும் சூரியனோடும் பாங்கொலியோடும் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் தொடங்குகிறார். அகழாய்வுக் குழியிலிருந்து பாதிரியார் மெரின் எடுக்கும், பசூசு என்ற பூதத்தின் சிறு கல்தலையைவிட, பிறகு தேநீர்க் கடையில் மாத்திரையை வாயிலிடும்போது நடுங்கும் அவருடைய விரல்களே என்னை அதிகம் கலங்கடித்தன. அந்த ஊர் மக்களுக்கு அன்றாடத் தொழுகை அழைப்பாக இருக்கும் ஓசை, அமெரிக்கப் பார்வையாளருக்கு வரப்போகும் தீமையின் முன்னறிவிப்பாகிவிடுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால் பெட்ரோலுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தவர்கள்தாம் படத்தைப் பார்த்தார்கள். ஆனால் ஈராக் காட்சிகள் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால், இதைத் திட்டமிட்ட குறியீடு என்று சொல்வதற்கில்லை.

எனக்குள்ள மனக்குறை வேறு. படம் பேயாகக் காட்டும் பசூசு கொடுங்காற்றின் பூதம்தான் என்றாலும், பிள்ளைகளைப் பறிக்கும் லமஷ்து என்ற பெண்பூதம் அண்டாதிருக்க, பண்டைய மெசொப்பொத்தேமியாவில் கர்ப்பிணிகள் கழுத்தில் தாயத்தாக அணிந்தது அந்தத் தலையைத்தான்.